ராவி கடைத் தம்ளர்: சமபந்தி குறித்துச் சில குறிப்புகள்

1

துபாயில் சத்வா என்ற பகுதியில் நம்மாட்கள் 'ரவி ஓட்டல்' என்று சொல்லும் பாகிஸ்தானிச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. 1978-இல் சௌத்ரி அப்துல் ஹமீது என்பவர் தொடங்கியது. 1997-இல் நான் எலக்ட்ரீசியனாகப் போய் இறங்கி, சத்வாவின் பழைய வில்லா ஒன்றில் பலகை வைத்துத் தடுத்த அறையில் பத்தாவது ஆளாகப் படுக்க இடம் பிடித்த முதல் வாரமே, "ரவி கடைக்குப் போவமா?" என்று கேட்டார்கள். யாரோ நம்மூர் ரவி போலிருக்கிறது, நாலு இட்லி கிடைக்கும் என்று கிளம்பினேன். போய்ப் பார்த்தால் பலகையில் உருது, உள்ளே தந்தூர் அடுப்பு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. ரவி ஆளே இல்லை. அது ராவி, லாகூரை ஒட்டி ஓடும் நதி.

பிறகு உருது கொஞ்சம் பிடிபட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. அதே எழுத்துகளில் எழுதப்படும் 'ராவி' என்ற சொல்லுக்கு உருதில் கதைசொல்லி என்றும் பொருள் உண்டு. ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவருக்குச் சொல்பவர். இந்தக் கட்டுரையில் நான் செய்ய நினைப்பது அவ்வளவுதான். அந்த மேசையில் கண்டதையும் கேட்டதையும் உங்களிடம் சொல்வது, அதை வைத்து ஒரு கேள்வியை எழுப்புவது. "சோத்துக்கடையப் பத்தி எழுத என்னய்யா இருக்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சோற்றை வைத்து இரண்டாயிரம் வருஷமாக மனிதரைப் பிரித்துப்போட்ட சமூகத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்க முடிவதே ஆச்சரியம்தான்.

கேள்வி இது: முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே ஜக்கில் தண்ணீர் ஊற்றிக் குடித்துச் சாப்பிடுகிறார்கள். இதைச் சமத்துவம் என்று சொல்லலாமா? சொல்லலாமென்றால், அது எதன்மேல் நிற்கிறது?

2

முதலில் கடை. போய் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டில் வெங்காயமும் வெள்ளரிக்காயும் எலுமிச்சைத் துண்டும் வரும். பிறகு தால், கீமா, சிக்கன் கடாய், மட்டன் பெஷாவரி, பாயா, நிஹாரி. அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி சூடு ஆறுவதற்குள் மேசைக்கு வந்துவிடும். ஏழெட்டு திர்ஹாமில் நான் வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்த காலம் உண்டு. நடுநிசி தாண்டியும் கடை திறந்திருக்கும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு வேறெங்கே சோறு?

நிஹாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'நஹார்' என்றால் அரபியில் பகல். ராத்திரி முழுக்கச் சிறுதீயில் வெந்து, விடியற்காலைத் தொழுகைக்குப் பிறகு சாப்பிடப்படும் கறி. பெரும்பாலும் மாட்டின் கெண்டைக்கால் கறி. கோதுமை மாவு கரைத்துவிட்ட கெட்டிக் குழம்பு. மேலே இஞ்சிச் சீவல், பச்சை மிளகாய், எலுமிச்சை. டில்லியின் உணவான இதை 1947-க்குப் பிறகு அகதிகளாகப் போனவர்கள் கராச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து வளைகுடாவுக்கு வந்தது. இரண்டு தடவை இடம்பெயர்ந்த குழம்பு. எங்கள் வீட்டில் மாட்டுக்கறி வேகும்போது வாசனை தெருவுக்குப் போகக்கூடாதென்று கதவைச் சாத்துவாள் அம்மா. இங்கே அதே வாசனை ரோடு தாண்டி வரவேற்றது. முதல் நாள் நிஹாரி சாப்பிட்டபோது கதவு எங்கே என்று என் கண் தன்னால் தேடியது.

இப்போது இந்தக் கடைக்கு வருகிறவர்கள் லாரி டிரைவர்களும் எலக்ட்ரீசியன்களும் மட்டுமல்ல. சுற்றுலாப் பயணிகள் தேடி வருகிறார்கள். கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவில் 'அசலான, எளிமையான' துபாய் இதுதான் என்று எழுதுகிறார்கள். 2022-இல் அடிடாஸ் நிறுவனம் உலகின் சில உணவகங்களோடு சேர்ந்து காலணிகள் வெளியிட்டபோது, ராவியின் பெயரிலும் வெள்ளையும் பச்சையுமாக ஒரு ஜோடி வந்தது. முனையில் இரும்பு வைத்த சேஃப்டி பூட்ஸோடு அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கோபமில்லை, சிரிப்புதான் வந்தது. ஒரு புலம்பெயர்ந்த மனிதர் நாற்பது வருஷம் உழைத்து நிறுத்திய கடைக்கு மரியாதை கிடைத்தால் நல்லதுதானே. ஆனால் 'எளிமை' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியுள்ளது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979-இல் வெளிவந்த தன் நூலில் ருசி என்பது நாக்கின் விஷயமல்ல, வர்க்கத்தின் விஷயம் என்று காட்டினார். கையில் காசும் நேரமும் இருப்பவர்களுடைய ருசி வேறு, தேவையிலிருந்து பிறக்கும் ருசி வேறு. முன்னவர் எதை எப்படிச் சாப்பிடுவது என்று யோசிக்கலாம். பின்னவர் மலிவாக, வயிறு நிற்கும்படியாக எது கிடைக்கும் என்று பார்த்தாக வேண்டும். நாளடைவில் அந்தத் தேவையே அவருக்கு ருசியாகவும் ஆகிவிடுகிறது. ராவியின் பிளாஸ்டிக் நாற்காலி எங்களுக்கு அழகியல் அல்ல, விலை. குளிர்சாதனமும் மேசைவிரிப்பும் இருந்தால் தாலுக்கு இரண்டு திர்ஹாம் கூடியிருக்கும். 'எளிமை' என்பது அந்த நாற்காலியில் உட்காராமலும் இருக்க முடிந்தவரின் சொல். நாங்கள் யாரும் அந்தக் கடையை எளிமை என்று சொன்னதில்லை. "கட்டுபடியாகும்" என்றுதான் சொன்னோம்.

3

எப்படிக் கட்டுபடியானது என்பது அடுத்த விஷயம்.

குளோத் மெய்யாசூ என்ற மார்க்சிய மானிடவியலாளர் 1975-இல் எழுதிய நூலில் புலம்பெயர் உழைப்பு ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று விளக்குகிறார். ஒரு தொழிலாளியை உண்டாக்க ஆகும் செலவை (பெற்று, வளர்த்து, நோயில் பார்த்து, கிழவனானபின் கஞ்சி ஊற்றும் செலவை) முதலாளி ஏற்பதில்லை. அதை ஊரிலிருக்கும் குடும்பம் ஏற்கிறது; அதாவது பெண்கள் ஏற்கிறார்கள். வளர்ந்து முடிந்த உடம்பு மட்டும் விமானத்தில் வந்து இறங்குகிறது. அது ஓய்ந்ததும் திரும்ப அனுப்பப்படுகிறது.

என் கணக்கையே சொல்கிறேன். என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தது அம்மாவின் கரிமூட்டக் கூலி. சீமைக்கருவேல முள்ளை வெட்டி அடுக்கி, மண் மூடித் தீ வைத்து, புகையில் நின்று எடுத்த கரி. கம்பெனி எனக்கு மாசம் எழுநூறு திர்ஹாம் கொடுத்தது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டது. அந்த எழுநூறில் நான் ஒருவன் சாப்பிட்டுப் படுப்பதற்கான கணக்கு மட்டும்தான் இருந்தது. குடும்பத்தை அழைத்துவர விசா கிடைக்கும் சம்பளம் எங்களில் யாருக்கும் இல்லை. ஆகவே சத்வாவில் வீடு இல்லை, அடுப்படி இல்லை. ஆண்கள் மட்டும் இருந்தோம். மேசைக்கு இந்தப் பக்கம் ஊரில் மனைவியை விட்டுவிட்டு வந்தவன் சாப்பிட்டான். அந்தப் பக்கம் ஊரில் மனைவியை விட்டுவிட்டு வந்தவன் பரிமாறினான்.

மலிவான அந்தத் தட்டுக்குப் பின்னால் குஜ்ரன்வாலாவிலும் முதுகுளத்தூரிலும் சம்பளமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் இருந்தார்கள். சமத்துவ மேசை என்று நான் சொல்லப்போவதில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டு மேலே போகிறேன்.

4

எங்கள் வில்லாவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழ் மெஸ் இருந்தது. சோறு, சாம்பார், மீன் குழம்பு. ஊர் ருசி. நான் அங்கே நாலைந்து தடவைக்கு மேல் போகவில்லை. காரணம் முதல் நாள் பேச்சு.

"தம்பி எந்த ஊரு?"

"முதுகுளத்தூர் பக்கம்ணே."

"பக்கம்னா?"

இந்தப் 'பக்கம்னா' என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதுகுளத்தூர் என்றால் கேட்பவர் காதில் 1957 என்றும் சேர்ந்தே விழும். ஊர் பேரைச் சொன்னால் அடுத்து தெரு. தெருவைச் சொன்னால் அப்புறம் ஒரு சின்ன மௌனம். அந்த அண்ணன் என்னைத் திட்டவில்லை, எழுந்து போகச் சொல்லவில்லை. "ஓ… சரி சரி, சாப்புடுங்க" என்றார். அவ்வளவுதான். 'தம்பி சாப்புடு' என்று இருந்தது 'சாப்புடுங்க' ஆனது. மரியாதை கூடியபோது தூரம் கூடியது. நாடு விட்டுக் கடல் தாண்டி வந்தும் நான் வாசிக்கப்படக்கூடிய ஒரு பிரதியாகவே இருந்தேன்.

ராவியில் என்னை யாராலும் வாசிக்க முடியவில்லை. என் பெயரில் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஊர் பெயர் வாயில் நுழையவில்லை. 'மத்ராஸி' என்ற ஒரே சொல்லில் நான் அடங்கிப்போனேன். தமிழன், மலையாளி, ஐயர், பறையர் எல்லோரும் அதில் அடக்கம். எங்கள் சைட்டுக்கு மணல் லாரி ஓட்டி வந்த ஒருவர், அறுபதை நெருங்கிய லாகூர்ப் பக்கத்து மனிதர், சாச்சா என்று கூப்பிடுவேன், என்னை வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கூட்டிப்போவார். ரொட்டியைப் பிட்டு என் தட்டில் போடுவார். தான் குடித்த தம்ளரிலேயே தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்துவார். எங்கள் ஊர் டீக்கடையில் என் அப்பாவுக்குத் தனித் தம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அந்த அப்பாவின் மகன் வாய் வைத்த தம்ளரை ராவியில் ஒரு பையன் எடுத்துப்போய்க் கழுவி, அடுத்த மேசையில் யாருக்கோ வைத்தான். முதல் தடவை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "க்யா தேக் ரஹா ஹை?" என்றார் சாச்சா. என்ன பார்க்கிறாய் என்று. என்ன சொல்ல?

1999 மே மாதம் கார்கில் சண்டை தொடங்கியது. எங்கள் அறையில் பாகிஸ்தானிக் கடைக்குப் போகக்கூடாதென்று தீர்மானம் ஆனது. நான் தேசபக்தியால் அல்ல, அறைக்காரர்களுக்குப் பயந்து மூன்று வாரம் போகவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தனியாகப் போனேன். சாச்சா நிமிர்ந்து பார்த்து, "புகார் தா?" என்றார். என்மேல் ஏதோ புகார் போலிருக்கிறது என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உருதில் 'புகார்' என்றால் காய்ச்சல். உடம்புக்கு முடியலையா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிடலாம். எல்லைகளைக் கடந்த மானுடம் என்று ஒரு தலைப்பு வைத்தால் வாரப் பத்திரிகையே போட்டுவிடும். ஆனால் நடந்தது அதோடு முடியவில்லை.

5

இது ராவியில் நடந்ததல்ல. சைட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டீக்கடையில் நடந்தது. எங்கள் சைட்டைக் கூட்டிப் பெருக்குகிற ஒருவர் அங்கே வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் பஞ்சாபி பேசுவதைக் கேட்டதும் சாச்சாவுக்கு முகம் மலர்ந்தது. எந்த ஊர் என்றார். ஊர் வந்தது, இவர் ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஊரில் எந்தப் பக்கம் என்றார். பிறகு பெயர் கேட்டார். பெயரின் பின்பாதி 'மஸீஹ்' என்று வந்தது. பாகிஸ்தான் பஞ்சாபில் கிறிஸ்தவர் என்பதற்கு அந்தப் பின்பெயரே போதும். பெரும்பாலோர் ஒருகாலத்தில் தீண்டத்தகாதவராக வைக்கப்பட்டு, மதம் மாறி வந்தவர்களின் சந்ததி. மதம் மாறியும் மலக்கூடையும் துடைப்பமும் அவர்களை விடவில்லை. துப்புரவு வேலைக்கு முஸ்லிம் அல்லாதவர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அரசுத் துறைகளே விளம்பரம் கொடுத்து அங்கே கண்டனத்துக்கு உள்ளாகியிருக்கின்றன.

சாச்சா ஒன்றும் தவறாகப் பேசவில்லை. கடைப் பையனைப் பார்த்து, "அவருக்குப் பேப்பர் கப்பில் குடு" என்றார். எங்கள் இருவர் கையிலும் கண்ணாடி கிளாஸ் இருந்தது.

அந்த மனிதர் பேப்பர் கப்பை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் டீ இறங்கவில்லை. மெஸ்ஸில் கேட்ட மூன்று கேள்வி, அதே வரிசை, பஞ்சாபியில். ஊர், பக்கம், பெயர். சாச்சாவின் அன்பு பொய்யா? இல்லை. இன்றைக்கும் அப்படி நினைக்கவில்லை. அவர் என்னிடம் காட்டியது நிஜமான அன்பு. ஆனால் அது வாசிக்கத் தெரியாதவரின் அன்பு. வாசிக்கத் தெரிந்த பிரதி முன்னால் வந்ததும் அவர் வாசித்துவிட்டார்.

நானும் அவரு ஜாதிதான் சாச்சா, எங்க ஊர்ல எனக்குத்தான் பேப்பர் கப்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்ல எனக்கு உருது இருந்தது, தைரியம்தான் இல்லை. வெள்ளிக்கிழமைத் தம்ளரை இழக்க நான் தயாராக இல்லை. இந்தக் கட்டுரையில் வேறு யாரைப் பற்றிய விமர்சனத்துக்கும் முன்னால் இது வர வேண்டும்.

பத்து வருஷம் கழித்து, 2009 ஜூனில், ஆசியா பீபி என்ற பஞ்சாபிக் கிறிஸ்தவப் பெண் பழத்தோட்டத்தில் கூலிவேலை செய்துகொண்டிருந்தபோது தண்ணீர் எடுக்கப் போனார். அவர் தொட்ட குவளையில் குடிக்க மாட்டோம் என்று உடன் வேலை செய்த பெண்கள் சொல்ல, வாய்த்தகராறு ஆனது. அது மதநிந்தனை வழக்காக மாறி 2010-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2018 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. உலகம் முழுக்க இதை மதநிந்தனைச் சட்டத்தின் வழக்காகப் படித்தார்கள், அது சரிதான். நம்மூர்க்காரர்களுக்கு அதன் முதல் வரி வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். அது ஒரு தம்ளர் வழக்கு.

ஆக, ராவி மேசையில் நான் கண்ட சமத்துவம் பாகிஸ்தானுடையதும் அல்ல, இஸ்லாத்தினுடையதும் அல்ல, வளைகுடாவினுடையதும் அல்ல. வளைகுடாவுக்கு அதன் சொந்த வாசிப்பு இருந்தது. அங்கே பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்துச் சம்பளம் போட்டார்கள். என் சமத்துவம், ஒருவர் குறியை இன்னொருவர் படிக்க முடியாத ஓர் இடைவெளியில் மட்டும் இருந்தது. வீட்டை விட்டு வந்த ஆண்கள், ஒருவரையொருவர் படிக்கத் தெரியாத ஆண்கள். இந்த இரண்டில் ஒன்று மாறினாலும் மேசை கலைந்துவிடும்.

6

ராவி நதிக்குத் திரும்புகிறேன். 1960 சிந்து நதி ஒப்பந்தப்படி அதன் தண்ணீர் இந்தியாவுக்கு என்று ஆனது. 2025 ஏப்ரலில் அந்த ஒப்பந்தத்தையே நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தது. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இந்த நதியைப் படிக்கிறார்கள். 1929 டிசம்பர் 31 நள்ளிரவு, லாகூர் காங்கிரஸ், ராவிக் கரையில் நேரு கொடியேற்றினார், பூரண சுயராஜ்யம். இது பாடத்தில் உண்டு.

அதே லாகூரின் இன்னொரு கதை பாடத்தில் இல்லை. ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற ஜாதி ஒழிப்புச் சங்கம் 1936-இல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை லாகூருக்கு அழைத்தது. உரையின் வாசகத்தை முன்கூட்டிப் பார்த்துப் பயந்துபோய் மாநாட்டையே நிறுத்திவிட்டது. பேசப்படாத அந்த உரையை அவர் தன் செலவில் அச்சிட்டார். அதுதான் 'ஜாதி ஒழிப்பு'. சேர்ந்து சாப்பிடுவதால் ஜாதி சாகவில்லை என்று அதில் அவர் தெளிவாகச் சொல்கிறார். கலப்புமணமும், ஜாதியைப் புனிதமாக்கும் சாஸ்திரங்களின் அதிகாரத்தைத் தகர்ப்பதும்தான் வழி என்கிறார். ராவிக் கரையில் ஒலித்திருக்க வேண்டிய குரல் அது.

அப்படியானால் சேர்ந்து சாப்பிடுவது வீண்தானா? 1924-25-இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்த சண்டையும், 1957-இல் சென்னை ஓட்டல் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் நடத்திய மறியலும் வீணா? அப்படி நான் சொல்லமாட்டேன். அந்தப் போராட்டங்களில் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே உட்காரவேண்டும் என்பதுதான் அங்கே கோரிக்கை. ராவி மேசைக்கும் அவற்றுக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. தெரியாமல் சேர்ந்து சாப்பிடுவது நிம்மதி. அந்த நிம்மதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை, ஆறு வருஷம் அதில்தான் மூச்சு விட்டேன். தெரிந்து சேர்ந்து சாப்பிடுவது மட்டுமே அரசியல்.

2003-இல் ஊர் திரும்பினேன். அப்பா இல்லை. டீக்கடை அதே இடத்தில் இருந்தது. தனித் தம்ளர் இல்லை. கடைக்காரர் எனக்கும் எனக்குப் பக்கத்தில் நின்ற மேலத்தெருக்காரருக்கும் ஒரே மாதிரி யூஸ் அண்ட் த்ரோ கப்பில் டீ கொடுத்தார். "இப்ப எல்லாம் மாறிடுச்சுல்ல" என்றார் கூட வந்த தோழர். நான் கப்பைப் பார்த்தேன். இரட்டைக் குவளையும் இல்லை, ஒற்றைக் குவளையும் இல்லை. குவளையையே எடுத்துவிட்டார்கள். என் வாய் பட்டதை இனி யாரும் கழுவ வேண்டியதில்லை.

சத்வாவில் அந்தப் பையன் ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் கழுவினானோ தெரியாது. யார் வாய் வைத்தது என்று அவன் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கடையில் என் அப்பா பேர், தாத்தா பேர், தெரு எல்லாம் தெரிந்த ஒரு மனிதர், நான் குடித்த தம்ளரை எடுத்துக் கழுவி, மேலத்தெருக்காரர் கையில் கொடுக்க வேண்டும். அவரும் அதை வாங்கிக் குடிக்க வேண்டும். அதற்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்க்கத்தான் நான் இப்போதும் காலையில் அந்தக் கடைக்கு ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன். டீயை அதில் வாங்கிக் குடித்துவிட்டு, கழுவாமல் மேசைமேல் வைக்கிறேன். இதுவரை கடைக்காரர் அதைத் தொட்டதில்லை. நானும் எடுத்துக் கழுவியதில்லை. சாயங்காலம் போனால் வைத்த இடத்திலேயே இருக்கிறது.